ஒரு வாணலி தேங்காய் எண்ணெய்

என் கணவரின் கார் சமையல் எண்ணெயில் ஓடியது. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே அமெரிக்காவில், எடிசனில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நம்புவார்கள், ஏனென்றால் அந்த எண்ணெயில் பாதி அவர்கள் வீட்டு முறுக்கும் பஜ்ஜியும் பொரித்த எண்ணெய்தான்.

கோயம்புத்தூர்க்காரர். மோட்டார், பம்ப்செட் என்று எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காமல் கை நிற்காது. பிழைப்போ நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால். நியூ ஜெர்சியில் வீடு வாங்கி, கராஜ் என்று ஒன்று கைக்கு வந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பென்சில்வேனியா பக்கம் எங்கேயோ போய், கிட்டத்தட்ட என் வயதிருக்கும் ஒரு ஜெர்மன் டீசல் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு டீசலே வேண்டாம். நீ வடை சுட்டு மிச்சம் வெக்கிற எண்ணெயே போதும்" என்றார். கஞ்சத்தனம் இல்லை. வீணாய்ப் போகிற ஒன்றை ஓட வைத்துக் காட்டுவதில் அவருக்கு ஒரு வெறி.

அது எப்படி ஓடும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. சமையல் எண்ணெய் குளிரில் கெட்டிப்படும், குழாய்க்குள் நகராது. அதனால் அந்தக் காரில் இரண்டு டேங்க். ஒன்றில் வழக்கமான டீசல். டிக்கியில் அவரே பொருத்திய இன்னொன்றில் எண்ணெய். டீசலில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் சூடேறி, அதைச் சுற்றி ஓடும் சுடுதண்ணீர் ஒரு குழாய் வழியாகப் போய் எண்ணெய் டேங்கையும் சூடாக்கிய பிறகு, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டினால் கார் எண்ணெய்க்கு மாறும். மாறிய ஐந்தாவது நிமிடம், அந்தப் புகையின் வாசத்தில் பின்னால் வருகிறவர்களுக்குப் பசி எடுக்கும்.

தீபாவளி முடிந்த வாரம் அவருக்கு அறுவடை. வாட்ஸப் குரூப்பில் செய்தி போடுவார். கடலை எண்ணெய், சூரியகாந்தி, கனோலா எல்லாம் கொடுங்கள். டால்டா, நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் மட்டும் தயவுசெய்து வேண்டாம். இந்தக் கடைசி வரியை எனக்குத் தனியாக வேறு பாடம் எடுத்தார், நான் நாகர்கோவில்காரி என்பதால். எங்கள் பக்கத்தில் சிப்ஸ் என்றால் தேங்காய் எண்ணெயில்தான் பொரிப்போம். "மத்த எண்ணெய் குளிர்ல கொழகொழன்னு ஆகும், அவ்வளவுதான். தேங்கா எண்ணெய் கல்லாயிரும். ஒரு சொட்டு கூடாது" என்றார். எனக்கா தெரியாது? அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தலைக்குத் தேய்க்கிற பாட்டிலை வெந்நீர்க் குழாயின் கீழே பிடித்து உருக்குகிறவள் நான்.

வாங்கி வந்த எண்ணெயைப் பழைய வேட்டியில் இரண்டு தரம் வடிகட்டுவார். ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் பிடித்து எங்கள் ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில், ஒரு நாள் வைத்துப் பார்ப்பார். கலங்காமல் தெளிவாக இருந்தால் அந்த எண்ணெய் பாஸ். பாஸான எண்ணெய் கராஜில் இருக்கும் நீல டிரம்முக்குப் போகும். டிரம்மைச் சுற்றி ஒரு ஹீட்டர் பட்டி கட்டி எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருப்பார். மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தார்: வடிகட்டியாச்சு, எதையும் ஊத்தாதே. அந்த வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். யாருக்காக எழுதினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பேர் மட்டுமே என்பதுதான் எங்கள் பிரச்சினையும். கல்யாணமாகி ஒன்பது வருடம். எனக்கு முப்பத்தெட்டு. பார்க்க வேண்டிய டாக்டர்களை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் வடக்கு ஜெர்சியில் ஒரு க்ளினிக்கில் ஐவிஎஃப் ஆரம்பித்தோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேர ட்ரைவ். முதல் முறை, கருமுட்டை வளரக் கொடுத்த மருந்துக்கு என் உடம்பு மசியவே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது முறை, ஜனவரியில், ஸ்கேனில் ஒன்பது முட்டைகள் தெரிந்தன. என் வயதுக்கு அது நல்ல எண்ணிக்கை என்று நர்ஸ் சிரித்தாள். நான் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அவர் ஒன்பது, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார், லாட்டரி எண் மாதிரி.

ஊசிகளை அவர்தான் போடுவார். காலையில் ஒன்று, மாலையில் இரண்டு. மருந்தைக் கலந்து, காற்றுக்குமிழ் போகத் தட்டி, என் வயிற்றில் முந்தின நாள் போட்ட நீலத்தடத்தைத் தவிர்த்து இடம் பார்த்துப் போடுவார். அந்த விஷயத்தில் அவர் கை சுத்தம். ஒரே ஒரு சனிக்கிழமை தவிர.

அன்று தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு நான் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். வயிறு ஊதி, பேன்ட் பட்டனைப் போட முடியாமல், இடுப்பு விட்டுப்போகிற வலியோடு அடுப்படியில் நின்றேன். காலை ஊசிக்கு நேரமாகியும் ஆளைக் காணோம். இரண்டு முறை கூப்பிட்டேன். கராஜில் காருக்கு அடியில் கிடந்தார். பத்து நிமிடம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரலிடுக்கில் கறுப்பாக எண்ணெய்.

"அந்தக் காரக் கெட்டிப் பிடிச்சிட்டு அழுங்க. எனக்கு ஊசி வேண்டாம்" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு நாகர்கோவில் வந்துவிடும்.

"பத்து நிமிஷந்தான கண்ணு, டாக்டரே ஒரு மணி நேரம் முன்னபின்ன போடலாம்னாரு" என்று சொல்லிக் கையை மூன்று தரம் கழுவிவிட்டு வந்து போட்டார். பிறகு, பனியில் வழுக்காமல் வாசலில் தூவ உப்பும் மணலும் வாங்கக் கடைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை கடும் குளிர் என்று எல்லா போனும் அலறிக்கொண்டிருந்தது.

சிப்ஸ் பொரித்து முடிந்தது. பெரிய வாணலி, பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய். வழக்கமாக அதை ஆறவைத்து, வெண்ணெய்போல் உறைந்ததும் சுரண்டிக் குப்பைப் பையில் போடுவேன். அன்று எனக்கு அந்த வாணலி உடனே வேண்டும், அடுத்து பொரியல் இருந்தது. சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வெளியே பனி. நான் வாணலியைத் தூக்கிக்கொண்டு கராஜ் கதவை முழங்கையால் திறந்தேன். டிரம்மில் கால்வாசிதான் எண்ணெய் இருந்தது. மூடியைத் திருகி எடுத்தேன். அதில் அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஊற்றினேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் வேண்டுமென்றேதான். கார் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றில் என் அழுக்கைக் கொட்டியபோது ஒரு சுகம் இருந்தது. இவ்வளவு எண்ணெயில் இது என்ன செய்துவிடும் என்று மூடியைத் திருகிவிட்டு வந்து பொரியலைத் தாளித்தேன். அவர் திரும்பி வந்து, சிப்ஸை வாயில் போட்டு, ஊர் ருசி என்று பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கடைசி ஊசி. முட்டைகளைப் பழுக்கவைக்கிற ஊசி அது. அதைப் போட்ட முப்பத்தாறாவது மணி நேரத்தில் முட்டைகளை எடுத்துவிட வேண்டும். தாமதமானால் அவை தாமாகவே வெளியேறிவிடும், பிறகு யாராலும் பிடிக்க முடியாது. செவ்வாய் காலை எட்டு மணி. ஏழு மணிக்கு க்ளினிக்கில் இருக்க வேண்டும். நர்ஸ் இதை மூன்று முறை சொல்லி, எங்களையும் திருப்பிச் சொல்லவைத்தாள். அவர் திங்கட்கிழமை மாலையே காரின் இரண்டு டேங்கையும் நிரப்பிவைத்தார்.

செவ்வாய் விடியலில் ஃபாரன்ஹீட்டில் நான்கு டிகிரி. நம் கணக்கில் மைனஸ் பதினைந்து. மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைகிற குளிர். என் கார் பக்கத்திலேயே நின்றது, நல்ல பெட்ரோல் கார், ஒரு குறையும் இல்லை. நான் அதன் பக்கம் நடந்தேன். அவர் டீசல் காரைக் காட்டினார்.

"அதுல சீட்டு சின்னது. வரும்போது மயக்கம் தெளியாம இருப்ப. இதுல பின்னாடி நல்லா நீட்டிப் படுத்துக்கலாம். தலகாணிகூட வெச்சிருக்கேன்."

பின் சீட்டில் என் தலையணையும் கம்பளியும் இருந்தன. அந்த நொடியில் எனக்கு டிரம் ஞாபகம் வந்தது. நன்றாக ஞாபகம் வந்தது. சொன்னால் அவர் முகம் போகிற போக்கை நினைத்தேன். இந்த நாளில், இந்த நேரத்தில் ஒரு சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். டீசலில்தானே ஸ்டார்ட் ஆகிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வாயைத் திறக்க எனக்கு அரை நிமிடம் இருந்தது.

பார்க்வே நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் போயிருப்போம். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியதும், பழக்க தோஷத்தில் அவர் கை தானாகப் போய் ஸ்விட்சைத் தட்டியது. கார் ஒரு மைல் சாதாரணமாக ஓடியது. பிறகு இருமியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. அவர் உடனே டீசலுக்கு மாற்றினார். அதற்குள் நேரம் கடந்துவிட்டிருந்தது. அடைத்துப்போன குழாயை எஞ்சின் உறிஞ்சி உறிஞ்சி, எங்கோ ஓர் இணைப்பு வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டது. டீசல் எஞ்சினுக்குள் காற்று போய்விட்டால் அதைக் கையால் பம்ப் அடித்து வெளியேற்றாமல் ஓடாது. கார் ஓரத்தில் போய் நின்றுவிட்டது. மணி ஆறேகால்.

"ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி இறங்கினார். பானெட்டைத் திறந்தார். ஃபில்டரைக் கழற்ற கையுறை தடையாக இருந்ததால் அதைப் பல்லால் கடித்து இழுத்துப் போட்டார். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபில்டருக்குள்ளிருந்து வெள்ளையாக, மெழுகாக, விரலால் வழித்து எடுத்தார். எனக்கு அது என்னவென்று தெரியும். டிக்கியில் இருந்த புது ஃபில்டரைப் போட்டார், பம்ப் அடித்தார், ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் பத்து விநாடி உயிர்பெற்று மறுபடி செத்தது. புது ஃபில்டரும் அடைத்துக்கொண்டது. குழாய் முழுக்க அதுதான்.

லாரிகள் கடக்கும்போது காரே ஆடியது. வாடகைக் கார் ஆப்பில் இரண்டு பேர் வர ஒத்துக்கொண்டு, பார்க்வே ஓரம் என்று தெரிந்ததும் கேன்சல் செய்தார்கள். தெரிந்த நண்பர் ஒருவரை போன் போட்டு எழுப்பினோம். கிளம்பினார். வழியில் பனியில் ஏதோ விபத்து, நாலு மைலுக்கு வண்டிகள் நகரவில்லை, அதில் அவரும் மாட்டிக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்றார். இது எமர்ஜென்சியா என்று கேட்டதற்கு என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர், நின்றுபோன காரை இழுத்துப்போகிற டோ ட்ரக்குக்குச் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார். அன்று காலை பார்க்வே நெடுக நின்றுபோன கார்கள்.

என் கணவர் பானெட்டுக்கு அடியிலிருந்து வரவே இல்லை. ஹீட்டர் இல்லாத காரில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, வயிற்றில் கைவைத்தபடி, ஒன்பது முட்டைகளிடமும் இருங்கள், இருங்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. க்ளினிக்குக்கு போன் செய்தேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ வாருங்கள் என்றாள் நர்ஸ். அவள் குரல் மாறியிருந்தது.

டோ ட்ரக் ஒன்பதுக்கு வந்தது. ஓட்டி வந்த பெரியவரிடம் என் கணவர் என்ன சொன்னாரோ, அவர் எங்கள் இருவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டு, பின்னால் காரைக் கட்டித் தொங்கவிட்டபடியே க்ளினிக் வாசல் வரை கொண்டுபோய் விட்டார். என் கணவரின் விரல்கள் நுனியில் வெள்ளையாக, உணர்ச்சியில்லாமல் இருந்தன. அவற்றைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்கு உள்ளே போனோம். டாக்டர் முதலில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பவில்லை. ஒன்பது இருந்த இடத்தில் இரண்டு மிச்சம். அந்த இரண்டையும் எடுத்தார்கள். மறுநாள் மதியம் போன் வந்தது. இரண்டும் கருவாகவில்லை.

அதற்குப் பின்னால் வந்த மாதங்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. அவர் டிரம்மைக் காலி செய்தார். காரை விற்றார். "ஃப்ரிட்ஜ்ல வெச்சுப் பாத்தது பத்தாது. வெளிய பனியில வெச்சுப் பாத்திருக்கணும். டீசல்லயே போயிருக்கணும். ஏன் தட்டினேன்னே தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கும் தன் அம்மாவிடமும் அப்படியே சொன்னார், என் தப்புத்தான் என்று. அந்த அம்மா போனிலேயே மகனை வாட்டி எடுத்தார். ஒவ்வொரு நாளும், காபி கொடுக்கும்போதோ விளக்கை அணைக்கும்போதோ, "மன்னிச்சுரு கண்ணு" என்பார். நான் "பரவால்ல" என்பேன்.

நான் அவரை மன்னித்தேன். இதைவிட அசிங்கமாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வாரமே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் குற்றவாளியாக இருந்தபோது என் துக்கத்துக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அவர் சமைத்தார், துணி துவைத்தார், நான் சுருங்கிய முகத்தோடு படுத்திருந்தேன், யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏப்ரலில் ஒரு நண்பர் வீட்டில், யாரோ காரைப் பற்றிக் கிண்டலாகக் கேட்டபோது, பத்துப் பேர் முன்னால் நான் சொன்னேன்: "அந்தக் காரு எனக்க பிள்ளையத் தின்னுட்டு." அவர் தட்டைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார். நான் அப்போதும் சொல்லவில்லை.

ஜூலையில் க்ளினிக்கிலிருந்து மறுபடி அழைத்தார்கள். இன்னும் ஒரு முறை முயற்சி செய்யலாம், வயது ஏறுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் வந்தன. ஒரு மாலை சமையலறை மேஜையில் அவற்றைப் பரப்பிவைத்து உட்கார்ந்தோம். நான் போட வேண்டிய இடங்களில் எல்லாம் போட்டுவிட்டேன். அவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

"இந்தத் தடவ ஒண்ணும் ஆகாது. முந்தின நாளே அங்க பக்கத்துல ஹோட்டல் எடுத்துக்கலாம். போன தடவ நான் பண்ணுன தப்புக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "தப்பு நீங்க பண்ணல்ல. அந்த டிரம்முல நான் தேங்கா எண்ணெய் ஊத்தினேன்" என்றேன்.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். "எப்ப?"

"சிப்ஸ் போட்டேன் இல்ல, அந்த சனிக்கிழமை."

"தெரியாமயா?"

"மூடியில எழுதியிருந்ததப் படிச்சேன்."

"அன்னைக்குக் காலைல நாம க்ளினிக்குக்குக் கிளம்பும்போது ஞாபகம் இருந்துதா?"

இருந்தது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது, கொட்டினால் பாரம் இறங்கும் என்று நம்பினேன்.

அவர் பேனாவின் மூடியைப் போட்டார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"ஊத்துனது எனக்குப் புரியுது. கோவத்துல ஊத்திட்ட. நானும் அன்னைக்கு லேட்டாத்தான் வந்தேன்" என்றார். "காலைல சொல்லாததுகூடப் புரியுது. பயம். ஆனா ஆறு மாசம் கண்ணு. நான் டெய்லி உங்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீ பரவால்லன்னு சொன்ன."

நான் அழுதேன். அவர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு படிவங்களை அடுக்கி, என் கையெழுத்து இருந்த பக்கங்களையும் சேர்த்து, உறைக்குள் திரும்பப் போட்டார்.

"நாளைக்கு ஒரு கொழந்த வந்து, அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ எங்கிட்ட உண்மையச் சொல்லுவியான்னு எனக்குத் தெரியல. தெரியாம என்னால முடியாது."

காலப்போக்கில் மாறுவார் என்று நினைத்தேன். மாறவில்லை. என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை, இன்றும் காபி அவர்தான் போடுகிறார். இப்போது எனக்கு நாற்பத்தொன்று. டாக்டர் சொன்ன நாட்கள் முடிந்துவிட்டன.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவோடு பேசுகிறார், ஸ்பீக்கரில். ஊரில் யாருக்காவது பேரன் பிறந்த செய்தி வரும். உடனே அந்த அம்மா தொடங்கிவிடுவார், பாழாய்ப்போன காரைக் கட்டிக்கொண்டு அழுதாயே, ஒரு வம்சத்தையே அழித்துவிட்டாயே என்று. "ஆமாம்மா, எந் தப்புத்தான்" என்பார் அவர். நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.